பேரேட்டில் ஏறிய சாமான்

2010 ஜனவரியில் ஹூஸ்டன் நகராட்சி, ஹில்கிராஃப்ட் சாலையும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தது. தெருப் பலகைகளின் தலைமேல் இன்னொரு பலகை ஏறியது. சாலையின் பெயர் மாறவில்லை. கடைக்காரர்களின் வாடகையும் மாறவில்லை. கடைகளோ அதற்கு முன்பே கால் நூற்றாண்டு கண்டவை. 1980களின் நடுவில் கச்சா எண்ணெய் விலை விழுந்தபோது அதை நம்பியிருந்த ஊரும் சேர்ந்து விழுந்தது. சவுத்வெஸ்ட் ஃப்ரீவே ஓரத்து வரிசைக் கடைகள் பூட்டிக் கிடந்தன, வாடகை இறங்கியது, நம்மவர்கள் உள்ளே வந்தார்கள். ராஜா ஸ்வீட்ஸ் 1986ல் வந்தது. பின்னாலேயே புடவை, நகை, மளிகை, பாத்திரம், டிபன்.

நான் இந்தக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். வருஷம் பிறந்ததும் ரசீதுகள் அட்டைப் பெட்டியில் வந்து சேரும்; மார்ச் 15க்குள் 1065 படிவம் போயாக வேண்டும். அது கூட்டு வியாபாரத்தின் வரிப் படிவம். கூட்டு தானாக வரி கட்டாது. லாபத்தைப் பிரித்து ஒவ்வொரு கூட்டாளிக்கும் கே-1 என்று ஒரு தாள் கொடுக்கும். அவரவர் பங்குக்கு அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். பல கடைகளில் கூட்டு என்று ஒன்று இருப்பதற்கு எழுத்தில் உள்ள ஒரே அடையாளம் அந்தத் தாள்தான். ஒருவரிடம் பணம், ஒருவரிடம் கைப்பக்குவம், மூன்றாமவரிடம் கிரீன் கார்டு. இப்படித்தான் கடை உண்டாகிறது. ஒப்பந்தம் எழுதுங்கள் என்றால், "நமக்குள்ள எதுக்கு" என்பார்கள். பிரியும்போது என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சாமானாகச் சொல்லி, இது யாருடையது, அது யாருடையது என்று கேட்பார்கள். அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் பெகு பக்கம் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்தவர். கடை மூன்று குடும்பங்களின் கூட்டு. தேவகோட்டை வீட்டில் அவருடைய பேரேடுகளை அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) பத்திரமாக வைத்திருந்தார்; லீவு நாளில் அவற்றை வைத்துத்தான் எனக்குப் பற்று வரவு சொல்லிக்கொடுத்தார். ஒரு பக்கத்தில் நெல் வயல் வரவாகியிருக்கும், இன்னொரு பக்கத்தில் மேஜை விளக்கு. கடையை நடத்திய மேலாள் சொந்தக் காசில் வாங்கிய கடிகாரம் மட்டும் பேரேட்டில் இருக்காது. "ஏட்டுல ஏறாதது கடைச் சாமான் இல்லை. ஏறினது யாரு பேர்ல இருந்தாலும் கடைச் சாமான்தான்" என்பார் அப்பச்சி. பிற்பாடு நான் படித்த சட்டம் எல்லாம் இந்த இரண்டு வரியைச் சுற்றித்தான் வருகிறது. சுற்றுகிற சுற்றில்தான் சுவாரசியம்.

பர்மாவில் அந்த வரிக்கு எவ்வளவு கனம் இருந்தது என்று பாருங்கள். கடைகள் கடன் கொடுக்க வந்தவை, நிலம் வாங்க வந்தவை அல்ல. 1930களின் மந்தத்தில் நெல் விலை படுத்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த வயல்கள் கடைகளின் தலையில் விழுந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கையில் இருந்த நிலம் 1930ல் 6 சதவீதம், 1938ல் 25 சதவீதம். பத்திரம் எழுதும்போது முதலாளிகள் செட்டிநாட்டில் இருப்பார்கள், ரங்கூனில் மேலாள் முக்தியார் நாமா என்னும் அதிகாரப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் பாதி பர்மா மேலாள்களுடையது ஆகிவிடும். கடைப் பணத்துக்கு ஈடாக வந்ததால் கடைக்குச் சொத்து என்பதை யாரும் சந்தேகித்ததில்லை. 1948க்குப் பிறகு நிலச் சீர்திருத்தம் வந்து எல்லாம் போயிற்று என்பது வேறு கதை.

கூட்டாகச் செய்யும் காரியம் தர்மசாஸ்திரக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். வழக்குகளை 18 தலைப்பாகப் பிரித்தவர்கள், 'சம்பூய சமுத்தானம்' என்று இதற்கு ஒன்று ஒதுக்கினார்கள். மனுவில் அந்தத் தலைப்புக்குக் கீழே வருவது வியாபாரிகள் அல்ல, யாகத்தில் தட்சிணையைப் பங்கு போட்டுக்கொள்ளும் புரோகிதர்கள்! மற்ற ஸ்மிருதிகளில் வணிகர்கள் வருகிறார்கள்: போட்ட முதலுக்கு ஏற்ப லாபமும் நஷ்டமும். ஆனால் கூட்டுக்கு என்று தனிச் சொத்து உண்டா, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி அங்கே கூர்மையாக எழவில்லை. கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது எழும்.

இந்தியாவில் அதை முதலில் சட்டமாக எழுதியது 1872 ஒப்பந்தச் சட்டம். அதன் 253ஆம் பிரிவு மூன்று வாசல்களைத் திறந்தது: தொடக்கத்தில் முதலோடு சேர்த்துக் கொண்டுவந்தது, கூட்டின் பணத்தில் வாங்கியது, கூட்டு வியாபாரத்துக்காக ஈட்டியது. இந்த மூன்றில் எந்த வாசல் வழியாக வந்தாலும் அது கூட்டுச் சொத்து. கூட்டாளிகள் எல்லோரும் அதற்குச் சேர்ந்து உடைமையாளர்கள். 262ஆம் பிரிவு அதைவிட முக்கியம். கூட்டுச் சொத்து முதலில் கூட்டின் கடனுக்கு. மிஞ்சினால்தான் கூட்டாளியின் சொந்தக் கடனுக்கு. கூட்டாளியின் தனிச் சொத்து முதலில் அவருடைய சொந்தக் கடனுக்கு; மிஞ்சினால் கூட்டின் கடனுக்கு. கோட்டின் எந்தப் பக்கம் ஒரு வீடு நிற்கிறது என்பதைப் பொறுத்து யாருக்குப் பணம் கிடைக்கும் என்பது மாறும்.

மதராஸ் இதைக் கண்கூடாகப் பார்த்தது 1906 அக்டோபர் 22 அன்று. அன்றைக்குத்தான் ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பெயரில்தான் கம்பெனி, உள்ளே சில வெள்ளைக்காரர்களின் கூட்டு, அவ்வளவுதான். வங்கியும் அவர்களே, ஏற்றுமதியும் அவர்களே, ஏஜென்சியும் அவர்களே. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், வக்கீல்கள், கோயில் பணத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர்கள் என்று ஊரே அங்கே டெபாசிட் போட்டிருந்தது. தலைமைக் கூட்டாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மதராஸில் பெரிய மனிதர். லண்டனில் இருந்த கூட்டாளி பாட்ரிக் மக்ஃபேடியன், கடை மூழ்கிய அதே நாட்களில் ரயிலுக்கு முன்னால் விழுந்து செத்தார். சர் ஜார்ஜுக்கு 1907ல் 18 மாதக் கடுங்காவல். இந்த அடியில் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, நகரத்தார் முதலும் சேர்ந்து, 1907 ஆகஸ்ட் 15 அன்று அது வேலையைத் தொடங்கியது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பின்னால் வருவது. மதராஸில் ஆர்பத்நாட் கம்பெனி, லண்டனில் பி. மக்ஃபேடியன் கம்பெனி. பெயர் இரண்டு, பேரேடு இரண்டு, சமுத்திரம் ஒன்று நடுவில். ஆனால் கூட்டாளிகள் அதே ஆட்கள். அப்படியானால் லண்டன் சொத்து லண்டன் கடன்காரர்களுக்கும், மதராஸ் சொத்து மதராஸ் கடன்காரர்களுக்குமா? அல்லது ஒரே கூட்டு, ஒரே சொத்தா? லண்டனில் நொடிப்பு நிர்வாகி ஒருவர், மதராஸில் ஹைகோர்ட்டின் அஃபிஷியல் அசைனி. இருவரும் உட்கார்ந்து ஓர் உடன்பாடு செய்தார்கள்: எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்து, இரண்டு ஊர்க் கடன்காரர்களுக்கும் ஒரே விகிதத்தில் கொடுப்போம். விஜயநகரம் கம்பெனி என்ற கடன்காரர் ஒத்துக்கொள்ளாமல் லண்டன் கோர்ட்டுக்குப் போனார். 1908ல் நீதிபதி பிகம், நடைமுறைக்கு உகந்த வியாபார ஏற்பாடுதானே, இதில் என்ன தப்பு என்ற பாணியில் உடன்பாட்டை ஏற்றார். நாடு கடந்த நொடிப்பு வழக்குகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்துச் சொல்கிறார்கள். மதராஸ் பென்ஷன்காரர் ஒருவருக்குக் கிடைத்த சில அணாக்களின் பின்னால், கடைக்கு எத்தனை பெயர்ப் பலகை இருந்தாலும் கூட்டு ஒன்று என்றால் சொத்தும் ஒன்று என்ற முடிவு இருந்தது.

1932ல் கூட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அக்டோபர் 1 முதல் அமல். எழுதிய சிறப்புக் குழுவில் சர் தின்ஷா முல்லாவோடு மதராஸ் அட்வகேட் ஜெனரல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் இருந்தார். 14ஆம் பிரிவைப் பழையதோடு வைத்துப் படித்தால் சின்னதாக ஒரு நகர்வு தெரியும். 1872ல் 'கூட்டாளிகள் சேர்ந்து உடைமையாளர்கள்' என்றவர்கள், இப்போது 'ஃபர்மின் சொத்து' என்றார்கள். கடையின் நற்பெயரையும் சொத்துப் பட்டியலில் சேர்த்தார்கள். ஃபர்மின் பணத்தில் வாங்கியது, வேறு எண்ணம் தெரியாதவரை, ஃபர்முக்காக வாங்கியதாகக் கொள்ளப்படும் என்பதையும் வெளிப்படையாக எழுதினார்கள். அப்பச்சியின் இரண்டாவது வரி அதுதான்.

ஆனால் ஃபர்ம் என்பது ஓர் ஆளா? இந்தியச் சட்டம் இங்கே பாதி வழியில் நின்றுகொண்டது. இதற்குச் சிறந்த சாட்சி ஆந்திரத்து வழக்கு ஒன்று. அத்தங்கி குடும்பமும் பாஸ்கர குடும்பமும் ஆளுக்குப் பாதியாகச் சேர்ந்து நெல் குத்தவும் கடலை உடைக்கவும் ஆலை நடத்தினார்கள். போட்ட முதலில் நிலமும் சேர்ந்திருந்தது. மனம் கசந்து பிரிந்தார்கள், ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், பதிவு செய்யவில்லை. பிறகு அத்தங்கி தரப்பு கோர்ட்டுக்கு வந்து, கூட்டைக் கலைத்துக் கணக்குக் காட்டு என்றது. அதுதான் எழுதிக் கொடுத்தாயிற்றே என்றது மறுதரப்பு. நிலம் இருக்கிறது, பதிவில்லாத பத்திரம் செல்லாது என்பது பதில். உச்ச நீதிமன்றம் 1966 ஜனவரியில் சொன்னது இது: கூட்டு நடக்கும்வரை எந்தக் கூட்டாளியும் ஒரு வயலையோ ஒரு எந்திரத்தையோ காட்டி 'இதில் பாதி எனக்கு' என்று சொல்ல முடியாது. அவருக்கு இருப்பது லாபத்தில் பங்கும், கடைசியில் கடன் போக மிஞ்சுவதில் பங்கும்தான். அந்தப் பங்கு அசையும் சொத்து. உள்ளே நிலமே இருந்தாலும் அதை விட்டுக்கொடுக்கப் பதிவு வேண்டாம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முதோல்கர்.

நிலத்தை அசையும் சொத்தாக்கிய இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு, கூட்டு ஒரு தனி ஆள்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1979ல் மலபார் ஃபிஷரீஸ் வழக்கில் அதே நீதிமன்றம், ஃபர்ம் என்பது கூட்டாளிகளைச் சேர்த்துக் கூப்பிட ஒரு பெயர், அவ்வளவே என்றது. கலைத்துப் பிரிக்கும்போது சொத்து கைமாறுவதே இல்லை, ஏற்கனவே இருந்த உரிமையைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றது. வரி அதிகாரி வெறுங்கையோடு போனார். ஆறு வருஷம் கழித்து சுனில் சித்தார்த்தபாய் வழக்கு எதிர்ப் பக்கத்தைத் தொட்டது: தன் சொந்தச் சொத்தை ஒருவர் கூட்டில் போடும்போது, முழுவதும் அவருடையதாக இருந்தது பகிர்ந்த சொத்தாகிறது, ஆகவே அது கைமாற்றம்தான். உள்ளே போகும்போது கதவு உண்டு, வெளியே வரும்போது கதவே இல்லை! வருமான வரித் துறை பொறுக்குமா? அடுத்த சில ஆண்டுகளில் சட்டத்தைத் திருத்தி இரண்டு பக்கமும் கதவு மாட்டிவிட்டார்கள்.

கடையில் பயன்பட்டதெல்லாம் கடைச் சொத்தா? இதுதான் சண்டையில் அதிகம் வருவது. இந்திய உச்ச நீதிமன்றம் 1969ல் அர்ஜுன் கனோஜி டங்கர் வழக்கில், பயன்படுத்தியதால் மட்டும் ஆகிவிடாது, கூட்டில் சேர்க்கும் எண்ணம் தெரிய வேண்டும் என்றது. லண்டனில் 1953லேயே மைல்ஸ், கிளார்க் என்ற இருவரின் புகைப்பட ஸ்டுடியோவில் இது வேடிக்கையாக வந்தது. கிளார்க்கிடம் ஸ்டுடியோவின் குத்தகையும் கேமராக்களும். மைல்ஸிடம் பேரும் வாடிக்கைக்காரர்களும். லாபம் பாதிப் பாதி என்பதைத் தவிர ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை வந்ததும் மைல்ஸ் எல்லாவற்றிலும் பாதி கேட்டார். நீதிபதி ஹார்மன், வியாபாரம் நடக்க அவசியமான அளவுக்கு மேல் கூட்டுச் சொத்து என்று ஊகிக்க மறுத்தார். கூட்டுக்குக் கிடைத்தது ஃபிலிம் சுருள் மாதிரித் தீர்ந்துபோகும் சரக்கு மட்டும். கேமரா கிளார்க்குக்கு, வாடிக்கைக்காரர்கள் கொண்டுவந்தவர் கூடவே.

அமெரிக்காவில் இதையே கல்வியாளர்கள் நாலு பேர் சேர்ந்து தத்துவமாக்கினார்கள். எல்லா மாநிலத்துக்கும் பொதுவான கூட்டுச் சட்டம் ஒன்றை எழுத ஹார்வர்டின் ஜேம்ஸ் பார் ஏம்ஸை அமர்த்தினார்கள். அவர், கூட்டைத் தனி ஆளாகவே வைத்து எழுதினார். 1910ல் இறந்துபோனார். பேனாவை வாங்கிய வில்லியம் டிரேப்பர் லூயிஸ் அதைத் திருப்பிப் போட்டு, கூட்டாளிகளின் தொகுப்புதான் கூட்டு என்று எழுதினார். 1914 சட்டம் அப்படி வந்தது. டெக்சாஸ் அதை 1961ல்தான் எடுத்துக்கொண்டது. ஒரு மரணத்தால் தள்ளிப்போன ஏம்ஸின் யோசனை, 1990களில் சட்டத்தைப் புதுப்பித்தபோது ஜெயித்தது. டெக்சாஸில் அந்தப் புதுச் சட்டம் 1994 ஜனவரி 1 முதல். 2006 முதல் அது வணிக அமைப்புகள் சட்டத்தொகுப்புக்குள் போயிற்று. கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் அதே வழியில் வந்துவிட்டன. சன்னிவேலில் கூட்டுக்கடை வைத்தாலும் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் வைத்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட்டின் சொத்து கூட்டுக்கே, கூட்டாளிகளுக்கு இல்லை.

இனி டெக்சாஸ் சட்டம் சாமானை எப்படி வகை பிரிக்கிறது என்பதை ஒரு டிபன் கடையை வைத்துச் சொல்கிறேன். மதுரைக்காரர் ஒருவரும் நெல்லூர்க்காரர் ஒருவரும் நடத்தியது. பிரிவது என்று முடிவாகி என்னிடம் வந்தார்கள். பெரிய பிரச்சினை கிரைண்டர். கோயம்புத்தூரில் செய்த டில்டிங் கிரைண்டர். மோட்டாரை இங்கத்திய 110 வோல்ட்டுக்கு மாற்றி, மரச் சட்டம் அடித்துக் கப்பலில் வந்தது. இட்லி மாவு பொங்குகிற ரகசியம் கல்லில் இருக்கிறது என்று இருவரும் நம்பினார்கள்.

"அக்கா, அதை வரவழைச்சது நான். என் கார்டுல வாங்கினேன். வேற எது போனாலும் போகட்டும்" என்றார் மதுரைக்காரர்.

"மேடம், கடை திறந்த நாள்லேர்ந்து மாவு அதுலதான் அரையுது. இது கடைச் சாமான் இல்லேன்னா எது கடைச் சாமான்?" என்றார் நெல்லூர்க்காரர்.

சட்டம் முதலில் பத்திரத்தைப் பார்க்கும்: கூட்டின் பெயரில் வாங்கியதா, அல்லது வாங்கியவர் கூட்டாளி என்ற முறையில் வாங்கினார் என்று காகிதம் காட்டுகிறதா? ஆம் என்றால் கூட்டுடையது. காகிதம் பேசாவிட்டால் பணத்தைப் பார்க்கும். கூட்டின் பணத்தில் வாங்கியது யார் பெயரில் இருந்தாலும் கூட்டுடையது என்று ஊகம். ஒருவர் தன் பெயரில், கூட்டின் பணம் தொடாமல், கூட்டு என்ற குறிப்பும் இல்லாமல் வாங்கியது அவருடையதென்று ஊகம், கடையில் தினமும் ஓடினாலும். ஊகம்தான், மறு சாட்சி இருந்தால் உடையும். அந்தச் சாட்சியைத் தேடத்தான் நான் 1065ஐப் புரட்டுவேன். கடை கிரைண்டருக்குத் தேய்மானக் கழிவு எடுத்திருந்தால், கடையே அதைத் தன்னுடையது என்று அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்த மாதிரி. எடுக்கவில்லை. கார்டுக்குக் கடையிலிருந்து பணம் திரும்பிப் போனதா? போகவில்லை. கிரைண்டர் மதுரைக்காரருக்குப் போயிற்று.

வேன் நெல்லூர்க்காரர் பெயரில் இருந்தது. இன்ஷூரன்ஸ் குறையும் என்று அப்படிப் பதிந்தார்களாம். செக் கடைக் கணக்கிலிருந்து போயிருந்தது. ஆகவே கடையுடையது, விற்று முதலில் கடைக்கடனை அடைத்தார்கள். பெரிய வாக்-இன் கூலரைப் பற்றி அரை நாள் வாதம் நடந்தது. லீஸைப் படித்தால் சுவரோடு பொருத்தியது எல்லாம் கட்டடக்காரருக்கு என்றிருந்தது. இருவருக்கும் இல்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொல்கிறோம். வாயையும் வயிற்றையும் முதல் நாளே எழுதிவைக்கத்தான் யோசிக்கிறோம்.

லீஸ் என்றதும் நியூ யார்க்கின் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வரும். ஐந்தாம் அவென்யூவும் 42ஆம் தெருவும் சேருமிடத்தில் ஹோட்டல் பிரிஸ்டல். 1902ல் சால்மன் 20 வருஷக் குத்தகை எடுத்தார்; மைன்ஹார்ட் பணம் போட்டார். குத்தகை முடியும் தறுவாயில் சால்மன், கூட்டாளியிடம் மூச்சுவிடாமல், தன் சொந்தக் கம்பெனி பெயரில் இன்னும் பெரிய குத்தகையை வாங்கிக்கொண்டார். 1928ல் நீதிபதி கார்டோசோ, அந்த வாய்ப்பே கூட்டுக்கு உரியது, அதை மறைத்து எடுத்தது தப்பு என்றார். நாலுக்கு மூன்று என்ற குறுகிய வித்தியாசத்தில் தீர்ப்பு. பணமும் கூட்டிலிருந்து போகவில்லை, பெயரும் கூட்டுடையதில்லை. ஆனாலும் கூட்டுச் சொத்து! அப்பச்சியின் இரண்டு வரிக்குள் அடங்காத ஒன்று இது. ஹில்கிராஃப்டில் லீஸ் புதுப்பிக்கும் காலத்தில் ஒரு கூட்டாளி மட்டும் கட்டடக்காரரோடு காபி குடிப்பதைப் பார்த்தால் நான் இதைச் சொல்லிவைப்பேன்.

டெக்சாஸ் சட்டத்தில் ஒரு சிறு வாக்கியம் உண்டு. வேறு பல மாநிலங்களில் அதைப் பார்க்க முடியாது. கூட்டின் சொத்தில் கூட்டாளிக்கு மட்டுமல்ல, கூட்டாளியின் கணவருக்கோ மனைவிக்கோ கூட உரிமை இல்லை என்று அது பெயர் சொல்லிப் பேசுகிறது. காரணம் இந்த மண்ணின் சரித்திரம். டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்தபோது, 1840ல், இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தை ஏற்றது. ஆனால் கல்யாணத்துக்குப் பின் ஈட்டியதெல்லாம் இருவருக்கும் பொது என்ற ஸ்பானிய முறையைக் கைவிடவில்லை. ஆகவே கடைச் சாமான் கூட்டாளியுடையது என்றால் பாதி அவர் மனைவியுடையதாகிவிடும். விவாகரத்து வந்தால் இட்லித் தட்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த வாக்கியம். மனைவி கேட்கக்கூடியது கணவரின் பங்கின் மதிப்பை, சாமானை அல்ல.

இதே சங்கடம் நம்மூரில் கூட்டுக் குடும்பத்தின் வழியாக வந்தது. 1934ல் பிரிவி கவுன்சில் தீர்த்த பிச்சப்பச் செட்டியார், சொக்கலிங்கம் பிள்ளை வழக்கில், குடும்பத் தலைவர் வெளியாரோடு கூட்டுச் சேர்ந்தால் குடும்பத்தில் உள்ள மற்றவர்கள் தானாகக் கூட்டாளிகள் ஆகிவிடுவதில்லை என்றார்கள். கையெழுத்துப் போட்டவர் மட்டுமே கூட்டாளி. தம்பிமார் அண்ணனிடம் கணக்குக் கேட்கலாம், கடைக்குள் போய்ப் பெட்டியைத் திறக்க முடியாது.

கூட்டாளி இறந்தால் வரும் கேள்வியில்தான் இரண்டு சட்டங்களும் பிரிகின்றன. இந்தியச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், கூட்டு அன்றோடு கலைகிறது. சொத்தை எண்ணி, கடனை அடைத்து, மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். டெக்சாஸில் இறந்தவர் கூட்டிலிருந்து விலகியதாகக் கணக்கு. மூன்று பேர் நடத்திய மளிகைக் கடை ஒன்றில் ஒருவர் போய்ச் சேர்ந்தபோது, அவர் மனைவி என்னிடம் வந்து, "அரிசி மூட்டையில எங்களுக்கு எத்தனை?" என்றார். மூட்டை ஒன்றும் இல்லை, அவர் போன தேதியில் அவர் பங்கு எவ்வளவு பெறுமோ அந்த விலையைக் கடை உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். அந்த விலையைக் கணக்கிட, கடையின் கடைசி மூன்று 1065ஐயும் எடுத்துக்கொண்டு மறுநாள் மதிப்பீட்டாளரிடம் போனோம்.